ராண்டி சொன்னது பொய்யா? ‘சென்ட் ஆஃப் எ வுமன்’ விருந்துக் காட்சி பற்றி

#1 மொட்டைமாடி

படம் பார்க்காதவர்கள் இங்கேயே திரும்பிவிடுங்கள். முழுக்கதையையும் போட்டு உடைக்கப் போகிறேன்.

நேற்று ராத்திரி ‘சென்ட் ஆஃப் எ வுமன்’ மூன்றாவது தடவையாகப் பார்த்தேன். 1992-ல் மார்ட்டின் பிரெஸ்ட் இயக்கிய படம், 157 நிமிடம். முதல் தடவை பார்த்தபோது டாங்கோ, ஃபெராரி, கடைசிப் பேச்சு இந்த மூன்றும்தான் மனதில் நின்றன. இந்தத் தடவை தேங்க்ஸ்கிவிங் விருந்துக் காட்சியில் மாட்டிக்கொண்டேன், அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பார்வை போன ஓய்வுபெற்ற லெப்டினன்ட் கர்னல் ஃபிராங்க் ஸ்லேட் (அல் பசினோ). விடுமுறை நாட்களில் அவரைப் பார்த்துக்கொள்ள 300 டாலர் சம்பளத்துக்கு வரும் பள்ளிக்கூடப் பையன் சார்லி (கிறிஸ் ஓடானல்). வந்தவனைக் கிழவர் நியூயார்க்குக்குக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறார். நல்ல ஓட்டல், நல்ல சாப்பாடு, அண்ணனைப் பார்ப்பது, ஒரு பெண்ணுடன் ஓர் இரவு, அப்புறம் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு சாவது. இதுதான் திட்டம். நியூயார்க் வந்த முதல் நாளே அதைப் பையனிடம் சொல்லியும்விடுகிறார், மெனு கார்டைப் படிக்கிற தோரணையில்.

சரி, விருந்துக்கு வருவோம். அழைக்காத விருந்தாளியாக அண்ணன் வீட்டில் போய் நிற்கிறார். மேசையில் உட்கார்ந்து அண்ணன் மகன் ராண்டியின் மனைவியை வைத்தே ஆபாசமாக ஏதோ சொல்கிறார். அதுவரை அவர் வாயைத் திறந்தாலே சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அங்கே சிரிப்பு வரவில்லை. ராண்டியும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கொட்டுகிறான்: கண் போவதற்கு முன்னாலும் இந்த ஆள் இப்படித்தான், பதவி உயர்வில் கழித்துக் கட்டப்பட்டவர், கண் போனது சண்டையில் அல்ல, குடித்துவிட்டுக் கையெறி குண்டுகளைத் தூக்கிப் போட்டு வித்தை காட்டியதில். சார்லியைச் ‘சக்கி’ என்று கிண்டலாக அழைத்துக்கொண்டே இருக்கிறான். கடைசியில் ஸ்லேட் அவன் கழுத்தைப் பிடித்து இறுக்குகிறார்.

என் குறை இதுதான். ராண்டி சொன்னதில் எதையும் படம் மறுக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் அதைப் பற்றி மூச்சு விடுவதும் இல்லை. டாங்கோ, கார், துப்பாக்கி, மேடைப் பேச்சு, கைதட்டல். உண்மையைச் சொன்னவனை வில்லன் ஆக்கிவிட்டு நம்மைச் சிரிக்கவைத்துப் படம் நழுவிவிட்டது. நான் மட்டும்தான் இப்படி நினைக்கிறேனா?

#2 கடைசிவரிசை

டாங்கோ காட்சி மட்டுமே போதும். மற்றதெல்லாம் எனக்கு உப்புக்குச் சப்பாணி. ‘போர் உனா கபேஸா’ 1935-ல் கார்லோஸ் கார்டெல் போட்ட இசை. அந்தப் பெண்ணுக்கு (கேப்ரியேல் அன்வர்) டாங்கோ தெரியாது, ஆடுகிறவருக்குக் கண் தெரியாது, தளம் எவ்வளவு பெரிது என்று சார்லி முன்கூட்டியே அளவு சொல்கிறான். அவள் முதலில் பயந்து பயந்து கால் வைப்பாள், ஒரு சுற்று சுற்றியதும் வாய்விட்டுச் சிரித்துவிடுவாள். அந்தச் சிரிப்புக்காகவே நாலு தடவை பார்த்திருக்கிறேன்.

#3 சந்தேகசாமி

கடைசிவரிசை, உங்களுக்கு எந்தப் படமானாலும் பாட்டு மட்டும் போதும், இது மன்றம் அறிந்த விஷயம் :)

மொட்டைமாடி சொல்வதில் பாதி சரி. எனக்கு அதைவிடக் கடைசிப் பேச்சின் மேல்தான் கோபம். பள்ளிக்கூடத்தில் சார்லி சகமாணவர்களைக் காட்டிக்கொடுப்பானா மாட்டானா என்பது பிரச்சினை. அதற்குள் ஒரு ராணுவ அதிகாரி நுழைந்து, கை பிய்ந்த கால் பிய்ந்த சின்னப் பையன்களைப் பார்த்தவன் நான், ஆனால் ஊனமான ஆன்மாவுக்குச் செயற்கை உறுப்பு கிடையாது என்று முழங்குகிறார். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பேசுகிறவர் யார்? குண்டைத் தூக்கிப் போட்டு விளையாடிய ஆள். ராண்டி அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று யோசித்துப் பாருங்கள்.

பசினோவுக்கு ஆஸ்கர் கொடுத்ததே பழைய பாக்கியைத் தீர்க்கத்தான். அதற்கு முன் எத்தனை தடவை பரிந்துரையோடு திருப்பி அனுப்பினார்கள்! அந்த ஒரே ஆண்டில் துணை நடிகருக்கும் ஒன்று, இதற்கும் ஒன்று. இதில்தான் கிடைத்தது.

#4 பழையசிப்பாய்

நான் 17 வருடம் சீருடையில் இருந்தவன். இந்த மன்றத்தில் அதிகம் எழுதுவதில்லை. ஆனால் இந்த இழையைப் பார்த்தபின் சும்மா இருக்க முடியவில்லை.

சண்டையில் அடிபட்டவன், பயிற்சியில் அடிபட்டவன், வண்டி கவிழ்ந்து அடிபட்டவன் என்று எங்களுக்குள் ஒரு வரிசை உண்டு. யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஆனால் நாலு பேர் உட்கார்ந்து குடிக்கும்போது கதை யார் பக்கம் போகிறது, யாரைத் தாண்டிப் போகிறது என்று கவனித்தால் தெரிந்துவிடும். என்னோடு இருந்த ஒருவருக்கு வலது காது கேட்காது. புதிதாக வருகிறவர்கள் எப்படிப் போச்சு என்று கேட்டால் ‘வெடிச்சத்தம்’ என்பார். வெடிச்சத்தம்தான். ஆனால் அவர் பாதுகாப்புக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றுகொண்டிருந்தார் என்பது எங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஒரு நாள் ஒரு சின்னப் பையன் அதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டான். அப்புறம் அவர் எங்களோடு சாப்பிட உட்காரவே இல்லை, தட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விடுவார்.

அதனால் விருந்துக் காட்சியில் எனக்கு ஆச்சரியம் ஸ்லேட் கழுத்தைப் பிடித்ததில் இல்லை. ராண்டி குண்டுக் கதையைச் சொல்லும்போது அவர் அப்படியே உட்கார்ந்திருக்கிறார், கை ஓங்கவில்லை. கை போவது பையனை மறுபடியும் ‘சக்கி’ என்று சொன்ன பிறகு. தனக்காக அடிக்க அவருக்கு முகம் இல்லை, அந்தப் பையனுக்காக அடிக்கலாம். இதை எழுதியவருக்கு எங்கள் ஆட்களைத் தெரிந்திருக்கிறது.

#5 மொட்டைமாடி

ஐயா, ‘முகம் இல்லை’ என்றீர்களே, அதை நான் யோசிக்கவே இல்லை. ஆனாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. அந்த வெட்கத்தைப் படம் அதற்கப்புறம் எங்கே வைத்திருக்கிறது?

#6 நீலத்திரை

மூலப்படத்தைப் பார்த்தவர்கள் யாரும் இல்லையா? 1974-ல் டினோ ரிசி இத்தாலியில் எடுத்த ‘ப்ரொஃபூமோ டி டோனா’. ஜோவான்னி அர்ப்பினோவின் நாவலை வைத்து எடுத்தது. விட்டோரியோ காஸ்மன் கேப்டன் ஃபௌஸ்தோவாக வருகிறார், அதற்காக 1975 கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதும் வாங்கினார்.

நகைச்சுவையும் துயரமும் கலந்த படம் என்றால் என் கணக்கில் இத்தாலியப் படம்தான் அசல். இவருக்குக் கண் மட்டுமல்ல, ஒரு கையும் இல்லை. அந்தப் படத்திலும் காயம் போரில் வந்தது அல்ல, ராணுவப் பயிற்சியில் நடந்த வெடிவிபத்து. டூரினில் கிளம்பி ஜெனோவா, ரோம், நேப்பிள்ஸ் என்று ரயில் பயணம். துணைக்கு ஒரு இளம் சிப்பாய், அவனுக்குக் கேப்டன் வைத்திருக்கும் செல்லப்பெயர் ‘சிச்சோ’. நேப்பிள்ஸில் அதே விபத்தில் கண்ணை இழந்த இன்னொரு அதிகாரி இருக்கிறார். இருவரும் சேர்ந்து சாவது என்று ஒப்பந்தம்.

அமெரிக்கப் படம் இங்கேதான் விலகிப் போகிறது. இத்தாலியில் அந்த வெட்கத்தைப் பங்குபோட ஒரு கூட்டாளி உண்டு, ஸ்லேட்டுக்கு யாரும் இல்லை. அதே சமயம் காஸ்மனின் கேப்டனைக் காப்பாற்றுவது மேடைப் பேச்சு அல்ல. சாரா என்ற பெண் அவரை வருடக்கணக்கில் விரும்பிக்கொண்டிருக்கிறாள், அவர் அவளைத் துரத்திக்கொண்டே இருக்கிறார். கடைசியில் அவள் உதவி இல்லாமல் தன்னால் முடியாது என்று ஒப்புக்கொள்கிறார். கைதட்டல் கிடையாது. மொட்டைமாடி கேட்கும் படம் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்பேன்.

ஒரு சின்ன வருத்தம்: சிப்பாயாக நடித்த அலெஸ்ஸாந்த்ரோ மோமோ படம் வெளிவரும் முன்பே மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனார். இது தெரிந்தபின் அந்தப் பையன் சிரிக்கும் இடங்களை முன்போலப் பார்க்க முடியவில்லை.

#7 வெண்கோல்

பார்வையற்றோருக்கு நடமாட்டப் பயிற்சி கொடுப்பது என் தொழில். இந்தப் படத்தைப் பற்றி எங்கள் ஆட்களிடம் இரண்டு கட்சி உண்டு, நான் நடுவில் நிற்கிறேன்.

முதலில் பாராட்டு. நியூயார்க் வந்ததும் சார்லி அவர் கையைப் பிடித்து இழுக்கிறான். ஸ்லேட் எரிந்து விழுகிறார்: உனக்கா கண் தெரியவில்லை, என் கையை ஏன் பிடிக்கிறாய், நான்தான் உன் கையைப் பிடிக்கவேண்டும். அரங்கில் எல்லோரும் சிரிப்பார்கள். அது முழுக்க முழுக்கப் பாடம். நாங்கள் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அதுதான். பார்வையற்றவர் வழிகாட்டியின் முழங்கைக்குக் கொஞ்சம் மேலே பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வரவேண்டும். அப்போது வழிகாட்டியின் உடம்பு திரும்புவதும் ஏறுவதும் இறங்குவதும் அவர் கைக்குத் தெரிந்துவிடும். நாம் அவர் கையைப் பிடித்தால் அவர் ஆள் இல்லை, மூட்டை. அடுத்த காட்சிகளைப் பாருங்கள், சார்லியின் பிடி மாறியிருக்கும். யாரும் வசனம் பேசி அதைச் சொல்வதில்லை.

பசினோவின் கண்ணும் அப்படித்தான். இமையை மூடுவதோ கறுப்புக் கண்ணாடிக்குள் ஒளிவதோ இல்லை, பெரும்பாலும் கண் திறந்தே இருக்கும். எதிலும் நிலைக்காது. பேசுகிறவரின் குரல் வரும் பக்கம் காது திரும்பும், முகம் ஒரு விரற்கடை தாண்டி நிற்கும்.

இப்போது குறை. வாசனையை வைத்தே பெண்ணின் சோப்பு, சென்ட், தலைமுடி வரை சொல்வது வெறும் சினிமா. பார்வை போனால் மூக்குக்குப் புது சக்தி வருவதில்லை. இருக்கிற சக்தியைக் கவனிக்கப் பழகுகிறோம், அவ்வளவே. அதைவிட என்னை உறுத்துவது, இந்த மனிதருக்கு ஏன் யாரும் பயிற்சியே கொடுக்கவில்லை என்பது. அமெரிக்க ராணுவத்தில்தான் இதெல்லாம் தொடங்கியது. இரண்டாம் உலகப்போரில் பார்வை இழந்து வந்தவர்களுக்காக வேலி ஃபோர்ஜ் ராணுவ மருத்துவமனையில் ரிச்சர்ட் ஹூவர் நீளக் கைத்தடி முறையை உருவாக்கினார். 1948-ல் இல்லினாய் மாநிலத்தின் ஹைன்ஸ் மருத்துவமனையில் முன்னாள் படைவீரர்களுக்கென்று தனி மறுவாழ்வு மையமே திறந்தார்கள். ஸ்லேட்டோ மருமகள் முறையுள்ள ஒருத்தியின் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில், விஸ்கியும் பூனையுமாக உட்கார்ந்திருக்கிறார்.

#8 காகிதக்கப்பல்

வெண்கோல் மேடம்/சார், பயிற்சி கொடுக்க வந்திருந்தால் அவர் வாங்கியிருப்பாரா? அதை யோசியுங்கள். கோலும் கையுமாகப் பத்துப் பேரோடு வரிசையில் நின்று ‘எப்படிக் கண் போனது’ என்று ஆளுக்கு ஆள் சொல்லும் அறிமுக வட்டத்தில் உட்கார வேண்டுமே. ஒருவர் வியட்நாம் என்பார், இன்னொருவர் கொரியா என்பார். இவர் முறை வரும்.

#9 வெண்கோல்

மேடம்தான். நீங்கள் சொன்னது வலிக்கிற அளவுக்கு உண்மை. முதல் வகுப்பில் நான் யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. பத்து வருடத்துக்கு முன் ஒரு தடவை கேட்டு, ஒரு மாணவரை இழந்திருக்கிறேன்.

#10 எழுத்தாணி

பழையசிப்பாய் சொன்ன வரிசைக்கு ஒரு பழைய உதாரணம்.

1946-ல் வில்லியம் வைலர் எடுத்த ‘தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’, போர் முடிந்து ஊர் திரும்பும் மூன்று பேரின் கதை. அதில் இரண்டு கையும் இல்லாத மாலுமி ஹோமராக நடித்தவர் ஹெரால்ட் ரசல். நடிகர் அல்ல, நிஜமாகவே கைகளை இழந்த ராணுவ வீரர். கொக்கிகளால் தீக்குச்சி கிழித்துச் சிகரெட் பற்றவைப்பார். கூட இருக்கிறவர்கள் வேறெங்கோ பார்க்கிற மாதிரி பாவனை செய்வார்கள், அதைப் பார்த்து இவர்தான் நக்கல் அடிப்பார். சிரிப்பும் கனமும் ஒரே இடத்தில்.

அந்தப் படத்தில் ஹோமரின் கைகள் போனது கப்பல் தாக்கப்பட்டுத் தீப்பிடித்ததில். நிஜத்தில் ரசலின் கைகள் போனது அமெரிக்க மண்ணில், பயிற்சி முகாமில். பயிற்றுநராக இருந்தபோது கையிலிருந்த டிஎன்டி வெடிமருந்து வெடித்துவிட்டது. நாள்: 1944 ஜூன் 6. நார்மண்டிக் கரையில் படைகள் இறங்கிய அதே நாள்! இவர் செய்த தப்பு எதுவும் இல்லை, பழுதான திரி. அப்படியிருந்தும் திரைக்கதையில் அதைக் கடல்போராக மாற்றிவிட்டார்கள். 1946-ல் பயிற்சி விபத்தை மக்கள் முன்னால் வைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. இது என் ஊகம்.

ஒரே வேடத்துக்கு இரண்டு ஆஸ்கர் வாங்கியவர் ரசல், ஒன்று துணை நடிகருக்கு, இன்னொன்று சிறப்பு விருது. 1992-ல், அதாவது ஸ்லேட் திரைக்கு வந்த அதே வருடம், அதில் ஒன்றை மனைவியின் மருத்துவச் செலவுக்காக என்று சொல்லி ஏலத்தில் 60,500 டாலருக்கு விற்றார்.

ஆக 1946-ல் ஒளித்துவைத்த ஒன்றை, விருந்து மேசையில் போட்டு உடைக்க 1992 வரை ஆகியிருக்கிறது. அந்த அளவில் இந்தப் படத்துக்கு மரியாதை கொடுக்கலாம் என்பது என் கட்சி.

#11 குறட்டை

முழுசாகப் படித்தேன். தூக்கம் போச்சு. நன்றி.

#12 அரைக்கோப்பை

நான் அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களின் விண்ணப்பங்களைத் தயார்செய்து கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். எழுத்தாணி எழுதியதைச் சட்டத்தின் பக்கமிருந்து பார்க்கிறேன்.

பணியில் இருந்தபோது வந்த காயமா என்பதுதான் அங்கே கேள்வி. போர்க்களத்தில் வந்ததா என்பது கேள்வியே இல்லை. பயிற்சியில் வந்தாலும், முகாமில் வண்டி மோதி வந்தாலும் உதவித்தொகைக்கு வழி உண்டு. ரசல் மாதிரி ஒருவருக்கு அதில் சிக்கலே வராது. ஆனால் காயம் அவரே வேண்டுமென்று செய்த தவறால் வந்தது, அல்லது குடியால் வந்தது என்று முடிவானால் கதவு மூடிவிடும். ஸ்லேட்டின் விபத்தில் இரண்டுமே இருக்கின்றன. குண்டின் ஊசி உள்ளேதான் இருந்தது என்று அவர் நினைத்துக்கொண்டாரா, கூட இருந்த அதிகாரி என்ன சொன்னார், எவ்வளவு குடித்திருந்தார் என்று ஒவ்வொன்றையும் ஒரு விசாரணை அதிகாரி தாளில் எழுதியிருப்பார். அந்தத் தாளில் வேண்டுமென்றே செய்த தவறா இல்லையா என்று ஒரு வரி இருக்கும்.

என் மேசைக்கு வந்த கோப்புகளில் அந்த வரியைத்தான் எல்லோரும் முதலில் தேடுவார்கள். ஒருவர் தன் கோப்பை என்னிடமே கொடுத்து, ‘நீ படி, ஆனால் சத்தமாகப் படிக்காதே’ என்றார். ராண்டி விருந்தில் செய்தது என்ன என்று இப்போது தெரிகிறதா? சாப்பாட்டு மேசையில், அண்ணன் முன்னால், அந்தத் தாளைச் சத்தமாகப் படித்துவிட்டான்.

#13 சந்தேகசாமி

அரைக்கோப்பை, இந்த இழையிலேயே இதுதான் நல்ல பதிவு. என் கோபத்தில் கொஞ்சம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், முழுசாக இல்லை.

ஒரு ஒப்பீடு. ‘ஃபாரஸ்ட் கம்ப்’ (1994) லெப்டினன்ட் டேன். கேரி சினிஸ். அவர் குடும்பத்தில் அமெரிக்கா போட்ட ஒவ்வொரு சண்டையிலும் ஒருவர் செத்திருக்கிறார், இவரும் களத்திலேயே சாகவேண்டியவர், ஃபாரஸ்ட் தூக்கிக்கொண்டு ஓடி வந்து காப்பாற்றிவிடுகிறான். காப்பாற்றியதற்காகவே அவன்மேல் கோபம். அங்கே அவமானம் உயிரோடு இருப்பது. யாரும் அவரைப் பார்த்து ‘உன் தப்பு’ என்று சொல்ல முடியாது. அதனால் அவரைக் கரையேற்றுவது சுலபம்: ஒரு இறால் படகு, ஒரு புயல், புதுக்கால்கள், கல்யாணம். ஸ்லேட்டுக்கு அந்த வசதி இல்லை. பாவம் செய்யாதவனை மன்னிப்பது எந்தப் படத்துக்கும் எளிது.

#14 கடைசிவரிசை

பாட்டு மட்டும் போதும் என்பவனும் ஒன்று சொல்லலாமா?

துப்பாக்கிக் காட்சியில் சார்லி, உங்களைப் போல டாங்கோ ஆடுகிறவரையும் ஃபெராரி ஓட்டுகிறவரையும் நான் பார்த்ததே இல்லை என்று சாகாமலிருக்கக் காரணம் சொல்வான். அதற்கு ஸ்லேட், நீ இரண்டையும் யாரும் செய்து பார்த்ததே இல்லையே என்பார். கையில் துப்பாக்கி, முகமெல்லாம் கண்ணீர், அந்த நேரத்தில் அப்படி ஒரு பதில்! நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டு உடனே வெட்கப்பட்டேன். டாங்கோவை எதற்கு அவ்வளவு நேரம் காட்டினார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. அது அழகுக்கு வைத்த பாட்டு அல்ல, ஒரு பையன் கையில் கொடுத்துவைத்த ஒரே ஆயுதம்.

#15 பழையசிப்பாய்

கடைசிவரிசைத் தம்பி, அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பரிச்சயமானது. அதனால்தான் அந்தக் காட்சியில் நான் சிரிக்கவில்லை.

படத்தில் யாரும் கவனிக்காமல் விடும் விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த இரண்டு நாளும் அந்த மனிதர் எவ்வளவு தாராளமாக இருக்கிறார்! 24 டாலர் பர்கர் வாங்கித் தருகிறார், துணி தைத்துத் தருகிறார், வண்டி ஓட்டுநரிடம் வேடிக்கை பேசுகிறார். ஃபெராரி ஓட்டிவிட்டு வந்தபின் அப்படியே தணிந்துபோய்ப் படுத்துவிடுகிறார். அப்புறம் பையனைச் சுருட்டு வாங்கி வரச் சொல்லி வெளியே அனுப்புகிறார். பையன் பாதி வழியில் சந்தேகப்பட்டுத் திரும்பி வருகிறான், இவர் முழுச் சீருடையில் நிற்கிறார். கடன் அடைக்கிற மாதிரி எல்லோருக்கும் கொடுத்துத் தீர்ப்பது, திடீரென்று அமைதியாவது, ஒருவரை ஏதோ சாக்குச் சொல்லி வெளியே அனுப்புவது. எங்கள் ஆள் ஒருவர் தன் கைக்கடிகாரத்தை எனக்குக் கொடுத்தார். பழசு, உனக்குப் பிடிக்குமே என்றார். நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதற்குமேல் எழுதவில்லை.

சார்லி செய்த ஒரே நல்ல காரியம் திரும்பி வந்தது. பேசியது எல்லாம் அப்புறம்தான்.

#16 வெண்கோல்

ஐயா, எழுதியதற்கு நன்றி.

இந்த இழையைப் படிக்கிற யாருக்காவது அந்த மாதிரி நினைப்பு இருந்தால் இன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அமெரிக்காவில் இருக்கும் முன்னாள் படைவீரர்கள் 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்தினால் அவர்களுக்கென்று இருக்கும் உதவி எண்ணுக்குப் போகும், ராத்திரி பகல் எந்நேரமும். மற்ற நாடுகளில் இருப்பவர்கள் அங்குள்ள உதவி எண்ணைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

#17 காகிதக்கப்பல்

தலைப்பை விட்டு விலகுகிறேன், மன்னிக்கவும். பெண்களைப் பற்றி இந்த ஆள் பேசுவதை யாரும் கேள்வி கேட்கவில்லையே? அண்ணன் மகனின் மனைவியை மேசையில் வைத்து அவமானப்படுத்துகிறார். அவளுக்கு என்ன ஆனது என்று படத்துக்கும் கவலை இல்லை, இந்த இழைக்கும் கவலை இல்லை. ராண்டி கொதித்ததில் பாதி நியாயம் அங்கே இருக்கிறது. அவன் நாக்கில் விஷம் இருக்கலாம், அவன் மனைவிக்காகத்தான் வாயைத் திறந்தான்.

#18 மொட்டைமாடி

காகிதக்கப்பல், விலகல் இல்லை. நான் இழையைத் தொடங்கியதே அதற்காகத்தான். எழுதும்போது குண்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

பழையசிப்பாய் ஐயா எழுதியதைப் படித்தபின் விருந்துக் காட்சியை மட்டும் மறுபடி போட்டேன். மூன்று தடவை பார்த்த படத்தில் ஒன்றைத் தவறவிட்டிருக்கிறேன். கழுத்தை விட்டபின் எல்லோரும் ஸ்தம்பித்து நிற்கிறார்கள். ஸ்லேட் கிளம்புகிறார். போகும்போது அண்ணனிடம், நான் எதற்கும் உதவாதவன், எப்போதுமே அப்படித்தான் என்று சொல்கிறார். கெட்ட வார்த்தை ஒன்றும் சேர்த்து. நான் அதை வழக்கமான ஸ்லேட் வசனம் என்று கடந்துவிட்டிருந்தேன். சத்தம் குறைவு, முகபாவம் எதுவும் இல்லை. ராண்டி சொன்னதற்குப் பதில் அதுதான். ‘ஆமாம்’ என்று சொல்லிவிட்டுப் போகிறார், கண் போவதற்கு முன்னாலும் இப்படித்தான் என்று ராண்டி சொன்னதையும் சேர்த்து.

துப்பாக்கிக் காட்சியில் மறுபடி தான் கெட்டவன், அழுகிப்போனவன் என்கிறார். சார்லி, நீங்கள் கெட்டவர் இல்லை, வலியில் இருக்கிறீர்கள் என்கிறான். முன்பு அது எனக்குப் பள்ளிக்கூடப் பையன் எழுதிய வாழ்த்து அட்டை மாதிரி இருந்தது. இப்போது வேறு மாதிரி கேட்கிறது. குண்டுக் கதை முழுவதும் கேட்டவன் அவன், அந்த மேசையிலேயே உட்கார்ந்திருந்தவன். கேட்டபின்பும் சொல்கிறான்.

ஆக, படம் நழுவிவிட்டது என்று எழுதியதைத் திரும்ப வாங்குகிறேன். கடைசிப் பேச்சு மட்டும் இன்னும் எனக்குச் செரிக்கவில்லை. அந்த விஷயத்தில் சந்தேகசாமி கட்சிதான்.

#19 நீலத்திரை

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இத்தாலியப் படத்தை நீங்கள் பார்த்தே ஆகவேண்டும். கைதட்டல் இல்லாத முடிவு எப்படி இருக்கும் என்று தெரியும்.

#20 சந்தேகசாமி

அந்தப் பேச்சில் இன்னொரு விஷயம். ஸ்லேட் உள்ளே வந்து உட்கார்ந்தது சார்லிக்குப் பக்கத்தில். சார்லியோடு அதே விவகாரத்தில் மாட்டிய இன்னொரு பையன் ஜார்ஜுக்கு (இளவயது ஃபிலிப் சீமூர் ஹாஃப்மன், கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெளிவதைப் பாருங்கள்) பக்கத்தில் அவன் அப்பா. பேச்சை விடுங்கள், அந்த நாற்காலி எனக்குச் சம்மதம்.

#21 பழையசிப்பாய்

நேற்று வீட்டில் போட்டேன். மனைவி இதுவரை பார்த்ததில்லை. டாங்கோவுக்குச் சிரித்தாள், காருக்குத் திட்டினாள், விருந்தில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். கடைசியில் ஸ்லேட் வீடு திரும்பி, இத்தனை நாளும் தான் எரிந்து விழுந்த, அந்த மருமகளின் குழந்தைகளிடம் போய் நின்று பேசுகிறார் அல்லவா, அங்கே நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். ‘உங்க சிநேகிதர் வாட்ச் எங்கே?’ என்றாள். பீரோவில் இருக்கிறது என்றேன். எடுத்துச் சாவி கொடுத்துப் பார்த்தோம், ஓடுகிறது.